மென்பொருள் சந்தா புதுப்பிப்பு நெருங்குகிறது: ஆண்டு ஒப்பந்தத்துக்கு நிறுவனத்தை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: பின்னலாடை நிர்வாகி, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் அலுவலக நிர்வாகத்தைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் கணினிப் பிரிவு என்று தனியாக இல்லை. மின்னஞ்சல், மென்பொருள், பிரிண்டர் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டு திட்டத்தில் 64 கணக்குகள் வைத்திருக்கிறோம். தையல் பிரிவுக்கும் பேக்கிங்குக்கும் மின்னஞ்சல் கிடையாது. ஆர்டர் கொடுக்கும் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள், சாம்ப்ளிங், ஷிப்பிங் டாக்குமெண்ட், கணக்குப் பிரிவு, தள மேற்பார்வையாளர்கள் ஆகியோருக்கு மட்டுமே இருக்கிறது.

பல ஆண்டுகளாக ஆள் சேர்ந்தால் ஒரு லைசென்ஸ் கூட்டுவோம், விலகினால் குறைப்போம். கடந்த புதுப்பிப்பின்போது விற்பனையாளர் இதை ஆண்டு ஒப்பந்தமாக மாற்றிவிட்டார். பில் வழக்கம்போல் மாதாமாதம்தான் வந்ததால், மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத இறக்குமதி வரி விதித்ததும் எங்கள் ஆர்டர்கள் தள்ளிப்போயின, அலுவலகப் பிரிவில் சிலர் விலகினார்கள். அவர்களுடைய லைசென்ஸ்களை நிறுத்தச் சொன்னபோது, ஒப்பந்தக் காலம் முடியும்வரை எண்ணிக்கையைக் குறைக்க வழியில்லை என்ற பதில் வந்தது.

அடுத்த மாத இறுதியில் மீண்டும் புதுப்பிப்பு வருகிறது. எத்தனை கணக்குகளுக்கு எந்த வகை ஒப்பந்தம் செய்வது, பணத்தை முழுமையாகக் கட்டுவதா, மாதத் தவணையில் கட்டுவதா என்று முதலாளி எழுத்தில் கேட்டிருக்கிறார். இவை தவிர, வடிவமைப்பாளர்கள் இருவர் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் பயன்படுத்துகிறார்கள். இந்த வேலையைச் செய்து பழகியவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: சேவையகக் காவலர், கோயம்புத்தூர்

வணக்கம். விலையைப் பற்றிப் பேசுமுன் ஒப்பந்தத்தின் தன்மையைப் புரிந்துகொள்வது நல்லது. உங்களுக்கு நேர்ந்த இழப்பு விலை உயர்வால் வந்ததன்று. ஆட்களின் எண்ணிக்கை குறைந்தால் ஏற்படும் நஷ்டம் முன்பு விற்பவர் தலையில் இருந்தது, இப்போது வாங்குபவர் தலைக்கு மாறியிருக்கிறது. 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் பங்காளர் வழி விற்பனையை நியூ காமர்ஸ் என்ற புதிய முறைக்குக் கொண்டுவந்தபோது நிகழ்ந்த மாற்றம் இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், உங்கள் முதலாளி கேட்ட கேள்விகளுக்கான விடைகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

இம்முறையில் ஒப்பந்தக் காலம் வேறு, பில் வரும் இடைவெளி வேறு. ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு மாதாமாதம் பணம் கட்டலாம். அதனால் பில் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதற்காக அது மாத ஒப்பந்தம் ஆகிவிடாது. வாங்கிய நாளிலிருந்தும், ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்பட்ட நாளிலிருந்தும் ஏழு நாட்களுக்குள் மட்டுமே எண்ணிக்கையைக் குறைக்கவோ ரத்து செய்யவோ முடியும். அதன்பின் கூட்டலாம், உயர்ந்த திட்டத்துக்கு மாறலாம். குறைப்பதற்கு அடுத்த புதுப்பிப்பு நாள்வரை காத்திருக்க வேண்டும். இடையில் கூட்டும் லைசென்ஸுக்கு மீதமுள்ள நாட்களுக்கான தொகையை மட்டும் கட்டினால் போதும். ஒப்பந்தம் தொடங்கியபோது இருந்த விலையே அதற்கும் பொருந்தும். ஆகவே குறைவாகத் தொடங்கித் தேவைப்படும்போது கூட்டிக்கொள்வதில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. சீசன் உச்சத்தின் எண்ணிக்கையை ஆண்டு ஒப்பந்தத்தில் போடுவதுதான் பெரும்பாலான நிறுவனங்களில் பணம் வீணாகும் இடம்.

மாத ஒப்பந்தம் ஆண்டு ஒப்பந்தத்தைவிட 20 சதவீதம் கூடுதல் விலையில் கிடைக்கிறது. 20 சதவீதம் என்று கேட்டதும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு லைசென்ஸுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் ஆகிறது. மாத ஒப்பந்தத்தில் 120 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் கட்டினால் அதே 1,200 ரூபாய் வரும். ஆகவே ஓராண்டில் பத்து மாதங்களுக்குக் குறைவாகத் தேவைப்படும் எந்தக் கணக்குக்கும் மாத ஒப்பந்தமே மலிவு. சீசனுக்கு ஐந்தாறு மாதங்கள் மட்டும் வரும் உதவி மெர்ச்சண்டைசர்களுக்கு ஆண்டு லைசென்ஸ் வாங்குவது பொருந்தாது. ஒரே திட்டத்தில் ஒரு பகுதியை ஆண்டு ஒப்பந்தமாகவும் இன்னொரு பகுதியை மாத ஒப்பந்தமாகவும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும். நிர்வாகப் பக்கத்தில் இரண்டும் ஒரே தொகுப்பாகத்தான் தெரியும் என்பதால் பயனர்களுக்கு எந்த வேறுபாடும் இராது.

அடுத்து, உண்மையில் யார் எதைப் பயன்படுத்துகிறார் என்று பார்க்க வேண்டும். நிர்வாக மையத்தில் அறிக்கைகள் பகுதியில் பயன்பாட்டு அறிக்கையைத் திறந்து, கால அளவை 180 நாட்கள் என்று வைத்துப் பதிவிறக்குங்கள். முதல் முறை பார்க்கும்போது பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான எழுத்துக்கோவைகள் இருக்கும். தனியுரிமைக்காகப் பெயர்களை மறைத்துக் காட்டுவதே இயல்பான அமைப்பு. நிறுவன அமைப்புகளுக்குள் அறிக்கைகள் என்ற இடத்தில் அந்த மறைப்பை நீக்கினால் பெயர்கள் தெரியும், வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். மைக்ரோசாஃப்ட் 365 ஆப்ஸ் பயன்பாடு என்ற அறிக்கை இன்னும் முக்கியமானது. ஒவ்வொருவரும் எக்செல்லையும் வேர்டையும் கணினியில் நிறுவிப் பயன்படுத்துகிறாரா, உலாவியில் மட்டுமா, கைபேசியில் மட்டுமா என்பதை அது காட்டிவிடும். தள மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் கைபேசியில் மின்னஞ்சல் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். அப்படியானால் அவர்களுக்கு, எக்செல்லையும் வேர்டையும் கணினியில் நிறுவ முடியாத, உலாவியிலும் கைபேசியிலும் மட்டும் திறக்கும் பிசினஸ் பேசிக் திட்டம் போதும், ஸ்டாண்டர்டைவிட மிகக் குறைந்த விலைக்கே அது கிடைக்கும்.

ஆனால் மெர்ச்சண்டைசர்களைப் பேசிக்குக் கீழிறக்க வேண்டாம் என்பேன். ஏற்றுமதி நிறுவனங்களில் காஸ்டிங் ஷீட்டுகள் பெரும்பாலும் மேக்ரோ (தானியங்கிக் கட்டளைகள்) எழுதிய எக்செல் கோப்புகளாக இருக்கும். நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங் கூலி எல்லாம் வெவ்வேறு தாள்களிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து சேரும்படி யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்குமுன் செய்து வைத்திருப்பார். உலாவியில் திறக்கும் எக்செல்லில் அந்த மேக்ரோக்கள் ஓடா. பையர் விலை கேட்டு நிற்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

கடைசியாக, தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதே 64 கணக்குகள் அதே திட்டத்தில் இன்னோர் ஆண்டுக்கு ஓடும். புதுப்பிப்பு நாளில் எந்த எண்ணிக்கைக்கு, எந்தத் திட்டத்துக்கு மாற வேண்டும் என்பதை விற்பனையாளர் முன்கூட்டியே பதிவு செய்து வைக்க முடியும். அதை எழுத்தில் கேட்டு, பதிவு செய்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் அவகாசம் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், அந்த வாரத்தில் விற்பனையாளரின் அலுவலகம் விடுமுறையில் இருந்தாலும் உங்களுக்கு வேறு வழி இராது.

பதில் 2: வரவு செலவு, மதுரை

முழுத் தொகையா, மாதத் தவணையா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றவற்றை முந்தைய நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுவோருக்கு மைக்ரோசாஃப்ட் விலையை 5 சதவீதம் உயர்த்தியிருக்கிறது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் இந்த உயர்வு இல்லை. 5 சதவீதம் குறைவாகத் தோன்றினாலும், இது ஓராண்டு முழுவதற்கும் வாங்கிய கடனுக்கான வட்டி அன்று. தவணைகள் மாதாமாதம் கழிந்துகொண்டே வருவதால், சராசரியாக ஏறத்தாழ ஆறு மாதக் கடனுக்குத்தான் அந்த 5 சதவீதத்தைக் கொடுக்கிறீர்கள். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 11 சதவீதம் வரும். உங்கள் வங்கியில் கேஷ் கிரெடிட் என்ற நடைமுறை மூலதனக் கடனின் வட்டி அதைவிடக் குறைவாக இருந்தால், அதிலிருந்து எடுத்து முழுத் தொகையையும் கட்டிவிடுவது லாபம். லிமிட் முழுவதும் நூலுக்கும் டையிங்குக்கும் போய்விட்டது என்றால் மாதத் தவணையே சரி, அதில் தவறு ஒன்றும் இல்லை.

முழுத் தொகையாகக் கட்டினால் அதை அந்த மாதச் செலவில் எழுதிவிடாமல் முன்கூட்டிச் செலுத்திய செலவாகக் காட்டி, மாதாமாதம் கழிக்கச் சொல்லுங்கள். மார்ச் இறுதியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இது குழப்பத்தைத் தவிர்க்கும்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் அதிகக் கவனம் தேவை. இந்தியாவில் உள்ள விற்பனையாளரிடம் வாங்கினால் 18 சதவீத வரியுடன் இன்வாய்ஸ் வரும். அதில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்தால்தான் உங்கள் வாங்கல்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி படிவத்தில் ஏறி, உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) கிடைக்கும். வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகக் கார்டு மூலம் வாங்கும் சந்தாக்களில்தான் பணம் கசிகிறது. பில்லிங் பக்கத்தில் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுக்காவிட்டால், பதிவு பெறாத நுகர்வோர் என்று கருதி அவர்களே வரியைச் சேர்த்து வாங்கிவிடுவார்கள், அந்த வரியை நீங்கள் வரவாக எடுக்க முடியாது. எண்ணைக் கொடுத்துவிட்டால் வரி சேர்க்காமல் பில் வரும். எதிரீட்டு முறையில் (ரிவர்ஸ் சார்ஜ்) நீங்களே ரொக்கமாக வரியைச் செலுத்திவிட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் ஏற்றுமதியாளர் என்பதால், எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறீர்கள் என்றால், பயன்படாமல் தேங்கும் இந்த வரவையும் ரீஃபண்டு கணக்கில் சேர்க்க இடமுண்டு. மென்பொருள் பில் சிறியது என்று இதை விட்டுவிடுகிறார்கள், ஐந்தாறு சந்தாக்களைச் சேர்த்துப் பார்த்தால் சிறியதாக இராது.

கார்டு மூலம் தானாகக் கழியும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இவ்விதியின் வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட தொகை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கொடுத்தால்தான் கழியும். மாதத் தவணையிலிருந்து ஆண்டுத் தொகைக்கு மாறும்போது பல நிறுவனங்கள் இந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன. முதலாளி பையரைப் பார்க்க வெளிநாடு போயிருக்கும் நாளில் ஓ.டி.பி. அவர் கைபேசிக்குப் போனால் சந்தா நின்றுவிடும். அலுவலகத்தில் எப்போதும் இருக்கும் ஒருவர் கைபேசியோடு இணைந்த கார்டை இதற்கென்று ஒதுக்குவது நல்லது.

பதில் 3: தூரிகை, சென்னை

இல்லஸ்ட்ரேட்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடோபி 2013இலேயே சி.எஸ். 6 பதிப்போடு ஒருமுறை வாங்கும் முறையை நிறுத்தி, சந்தாவுக்கு மாறிவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்த இரண்டு சந்தாக்களும் யார் பெயரில் இருக்கின்றன என்பதை. வடிவமைப்பாளரின் சொந்த மின்னஞ்சலில் தனிநபர் திட்டமாக எடுத்திருந்தால், அவர் விலகும்போது லைசென்ஸும், கிளவுடில் வைத்த பிரிண்ட் டிசைன்களும் அவரோடு போய்விடும். குழுத் திட்டத்தில் லைசென்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் பையருக்கு அனுப்பிய டிசைன்கள் நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும் என்றால் இதுவே முறை.

தனிநபர் ஆண்டுத் திட்டத்தை மாதத் தவணையில் எடுத்திருந்தால், 14 நாட்களுக்குப் பின் ரத்து செய்யும்போது மீதித் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்பார்கள். இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் 2024 ஜூனில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் அமெரிக்க அரசு அடோபி மீது தொடுத்த வழக்கின் சாரம். அதனால் திட்டம் மாறுவதையும் புதுப்பிப்பு நாளை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: சேவையகக் காவலர், கோயம்புத்தூர்

முந்தைய பதிலில் விட்டுப்போன ஒன்று, உங்களைப் போன்ற தொழிற்சாலைகளுக்கு மிக முக்கியமானது. லைசென்ஸ் மாற்றம் எப்போதும் விலையில் வருவதில்லை, எதை எண்ணுகிறார்கள் என்பதிலும் வரும். 2023 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம், பல நிரல்கள் இயங்கத் தேவைப்படும் ஜாவா என்ற மென்பொருளின் சந்தாவைப் பணியாளர் எண்ணிக்கையின்படி கணக்கிடத் தொடங்கியது. ஜாவாவைப் பயன்படுத்துபவர் எத்தனை பேர் என்பது அங்கே கணக்கில்லை. முழுநேர, பகுதிநேர, தற்காலிகப் பணியாளர்கள் அனைவரோடும், நிறுவனத்தின் உள்வேலைகளைச் செய்துதரும் ஒப்பந்ததாரரின் ஆட்களும் எண்ணிக்கையில் சேருவார்கள். ஆயிரத்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள நிறுவனத்துக்கு ஒருவருக்கு மாதம் 15 டாலர் என்பது அறிவிக்கப்பட்ட விலை. தையல் பிரிவையும் சேர்த்து 500 பேர் இருந்தால், கணக்குப் பிரிவில் ஒரே ஒரு கணினியில் ஜாவா இருந்தாலும் மாதம் 7,500 டாலர் என்று கணக்கு வரும்.

இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, தேடிப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பத்துக்கோ பழைய மென்பொருள் ஒன்றுக்கோ யாரோ எப்போதோ ஜாவாவை நிறுவியிருக்கலாம். கணினியின் நிரல் பட்டியலில் ஜாவா 8 என்று இருந்து, அதன் அப்டேட் எண் 211 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது 2019 ஏப்ரல் முதல் வந்த, வணிகப் பயன்பாட்டுக்குச் சந்தா கேட்கும் பதிப்பு. அதை நீக்கிவிட்டு, ஜாவாவின் கட்டணமில்லாத ஓப்பன் ஜே.டி.கே. பதிப்புகளான டெமுரின் அல்லது கொரெட்டோவை நிறுவி, உங்கள் வேலை ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

பதில் 5: எளிய வழி, ஈரோடு

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கணக்குப் பிரிவில் உள்ள சில கணினிகளுக்குச் சந்தாவே வேண்டாம். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் 2024 போதும். எங்கள் அலுவலகத்தில் டேலி கணக்கு மென்பொருளின் பக்கத்தில் எக்செல் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இப்படித்தான் செய்திருக்கிறோம். ஆனாலும் ஒருமுறை வாங்குவது என்றால் காலம் முழுமைக்கும் என்று பொருளில்லை. ஆபீஸ் 2019க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. ஆபீஸ் 2021க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும், ஆபீஸ் 2024க்கு 2029 அக்டோபர் 9 வரைக்கும் உண்டு. மின்னஞ்சல் சேவை இதில் சேராது என்பதையும் கணக்கில் எடுங்கள். பேசிக் சந்தாவோடு இதைச் சேர்த்து, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்து, ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்கள் அடிக்கடி மாறாத மேசைகளுக்கு இது பொருந்தும், மெர்ச்சண்டைசர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பின்னலாடை நிர்வாகி, திருப்பூர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பயன்பாட்டு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். தள மேற்பார்வையாளர்களில் ஒருவர்கூடக் கணினியில் எக்செல் திறந்ததாகத் தெரியவில்லை. அவர்களைப் பேசிக்குக் கொண்டுபோக முதலாளி ஒப்புக்கொண்டார். கணக்குப் பிரிவு கணினி ஒன்றில் ஜாவாவும் இருக்கிறது, நாளை அதைச் சோதிக்கிறோம்.

ஒரு தயக்கம் மட்டும் மீதி இருக்கிறது. 180 நாட்களாக யாரும் நுழையாத கணக்குகளில் பெரும்பாலானவை விலகிப்போன மெர்ச்சண்டைசர்களுடையவை. ஒவ்வொன்றிலும் பையரோடு நடந்த பல ஆண்டுக் கடிதப் போக்குவரத்து இருக்கிறது. அளவு மாற்றத்துக்கு ஒப்புதல், நிற ஒப்புதல், தாமதத்துக்குப் பையர் கொடுத்த அனுமதி எல்லாம் அதில்தான் உள்ளன. பையர் இழப்பீடு கேட்டுக் கிளெய்ம் அனுப்பினால் அவைதாம் ஆதாரம். லைசென்ஸை நீக்கினால் அவை அழிந்துவிடும் என்ற பயத்தினாலேயே இத்தனை நாளும் பணம் கட்டி வந்தோம். வேறு வழி இருக்கிறதா?

பதில் 6: சேவையகக் காவலர், கோயம்புத்தூர்

இருக்கிறது, அதற்குக் கூடுதல் செலவும் இல்லை. விலகியவரின் அஞ்சல் பெட்டியைப் பகிர்வு அஞ்சல் பெட்டியாக மாற்றிவிடலாம். 50 ஜி.பி. அளவுவரை அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அந்தப் பையரை இப்போது பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கு அதைத் திறக்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால், அவருடைய அவுட்லுக்கிலேயே பழைய கடிதங்கள் தெரியும், புதிதாக வரும் கடிதங்களும் தவறாமல் வந்து சேரும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் பெட்டியின் அளவைப் பாருங்கள், டெக்பேக் (ஆடையின் விவரக் குறிப்பு) இணைப்புகள் நிறைந்த பெட்டிகள் 50 ஜி.பி. வரம்பை நெருங்கியிருக்கக்கூடும். அடுத்து, எக்ஸ்சேஞ்ச் நிர்வாக மையத்தில் பகிர்வுப் பெட்டியாக மாற்றுங்கள். மாறிவிட்டதை உறுதி செய்தபின் அந்தப் பயனர் உள்நுழைவதைத் தடை செய்துவிட்டு, கடைசியாக லைசென்ஸை எடுங்கள். பயனர் கணக்கையே நீக்கிவிடக் கூடாது, பகிர்வுப் பெட்டி அதை ஆதாரமாகக் கொண்டே நிற்கிறது. மாற்றாமல் லைசென்ஸை முதலில் எடுத்துவிட்டால் பெட்டி 30 நாட்கள் மட்டுமே காக்கப்படும். ஒன் டிரைவில் அவர் வைத்திருந்த கோப்புகள் இதில் சேரா என்பதால், அவற்றைத் தனியாக நகலெடுத்து நிறுவனத்தின் பொதுக் கோப்புறைக்கு மாற்றுங்கள். சட்டக் காரணத்துக்காக ஏதேனும் பெட்டியில் அழிப்புத் தடை போட்டிருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் லைசென்ஸ் தொடர வேண்டியிருக்கும்.

இந்த வேலையைப் புதுப்பிப்பு நாளுக்கு இரண்டு வாரம் முன்பாகவே முடித்துவிட்டு, எஞ்சும் எண்ணிக்கையை விற்பனையாளருக்கு எழுதி அனுப்புங்கள். ஸ்டாண்டர்டு ஆண்டு ஒப்பந்தம் எத்தனை, பேசிக் ஆண்டு ஒப்பந்தம் எத்தனை, சீசனுக்கான மாத ஒப்பந்தம் எத்தனை, எல்லா ஆண்டு ஒப்பந்தங்களும் ஒரே தேதியில் முடியும்படி அமைக்கப்படுமா என்ற நான்கையும் அந்தக் கடிதத்தில் கேளுங்கள். வெவ்வேறு தேதிகளில் முடியும் சந்தாக்களை ஒரே தேதிக்குக் கொண்டுவர இம்முறையில் வசதி உண்டு. உங்கள் தொழிலில் அந்தத் தேதியை, சீசன் ஷிப்மெண்ட் முடிந்து ஆட்கள் குறையும் மாதத்தின் இறுதியில் வைப்பதே பொருத்தம்.